கைரேகையும் நிழற்படமும்: எல்லைப்புறத்தில் நம் முகங்கள் அச்சான வரலாறு



நினைவுப் பேருரை என்றால் மறைந்தவரின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அதன் பக்கத்தில் நின்று அவருடைய கருத்துகளைப் பேசுவதுதான் வழக்கம். இந்த முறை மாலை விழுந்த அந்தப் படத்தையே பேசுபொருளாக எடுத்துக்கொள்கிறோம். நம் வீடுகளில் வழிவழியாகத் தங்கிய நிழற்படங்கள் என்னென்ன, அவை எப்படித் தங்கின, பெரும்பாலானவை ஏன் தங்கவில்லை, அவற்றை எடுத்து இன்று அச்சுக்கலையாகவும் காட்சிக்கலையாகவும் மாற்றுகிறவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பவைதான் நம் கேள்விகள். இதற்கான நிலம் ஓசூரும் கிருஷ்ணகிரியும், எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோலார் தங்கவயலும். நிர்வாகம் இவற்றை இரண்டு மாநிலங்களாகப் பிரித்துவிட்டது. ஆனால் நம் மக்களின் உழைப்பும் திருமண உறவும் சாவுச் சேதியும் இந்த மூன்று இடங்களுக்கு நடுவே இன்னும் போய்வந்துகொண்டுதான் இருக்கின்றன.

முதலில், இல்லாத படங்களைப் பற்றி. ஆதிக்கச் சாதி வீட்டில் தாத்தாவின் தாத்தா வரைக்கும் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். நம் வீடுகளில் இரண்டு தலைமுறைக்கு மேலே சுவர் காலியாக இருக்கும். ஏழைகள், படம் எடுக்கக் காசில்லை என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. எடுத்த படங்களுக்கும் பத்திரமான இடம் இருந்ததில்லை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பெங்களூரின் குடிசைப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் கட்டிய துணியோடு ஓசூர் வழியாக ஓடிவந்தன. அவர்களில் பெரும்பகுதி கட்டட வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போயிருந்த நம் மக்கள். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் என்ற மூன்று குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. உண்மை அறியும் குழுக்கள் நகை, பணம், சான்றிதழ், வாகனம் என்று இழப்பைப் பட்டியலிட்டன. பீரோவுக்குள் சான்றிதழை எங்கே வைப்போமோ அங்கேதான் ஆல்பத்தையும் வைப்போம். சான்றிதழை வட்டாட்சியர் மறுபடி எழுதித் தருவார். ஆல்பத்தை எழுதித் தர யாரும் இல்லை, அதற்கு நிவாரணத் தொகை என்று ஒன்றும் கிடையாது.

இப்படி நம்மிடம் நம் படம் இல்லாத அதே காலத்தில், நம் படங்கள் வேறு இடங்களில் ஏராளமாக இருந்தன. இந்த முரண்பாட்டில்தான் வரலாறு தொடங்குகிறது.

1868 முதல் 1875 வரை லண்டனில் எட்டுத் தொகுதிகளாக 'இந்திய மக்கள்' என்ற நூல் வந்தது. இந்தியாவின் சாதிகளையும் இனங்களையும் நிழற்படமாக அடுக்கிக் காட்டிய அரசு வெளியீடு அது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருசப் பஞ்சத்தில், வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி பட்டினியால் எலும்பாகிப்போன மக்களைக் கூட்டம் கூட்டமாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். அந்தப் படங்களை இன்றும் இணையத்தில் பார்க்கலாம். விலா எலும்பை எண்ணிவிடலாம், ஆனால் ஒருவருக்கும் பெயர் இல்லை. (இதே ஹூப்பர் பின்னர் பர்மாவில், கைதிகளைச் சுட்டுக் கொல்லும் கணத்தைப் படம் பிடிக்க முயன்றதற்காக விசாரணைக்கு ஆளானார். கேமராவுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவரை மறக்கக் கூடாது.) அடுத்து எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த இவர் மூக்கையும் மண்டையையும் கருவியால் அளந்தார், படம் எடுத்தார், 1909இல் கே. ரங்காச்சாரியோடு சேர்ந்து 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' என்ற ஏழு தொகுதிகளை வெளியிட்டார். காவல் துறையினருக்கு உடலளவை வகுப்பும் எடுத்தார். மானுடவியலும் குற்றப் பதிவேடும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தன. நம் முன்னோரின் முதல் படங்கள் அந்த அறையில்தான் எடுக்கப்பட்டன.

அந்தப் பஞ்சத்துக்குப் பின்வந்த ஆண்டுகளில், 1880களில், ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கச் சுரங்கங்களை ஆழப்படுத்தியது. வட ஆர்க்காட்டிலிருந்தும், அன்று ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்திலிருந்தும், சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் நம் மக்கள் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். பண்ணையாளாக இருந்தவர்களுக்குத் தங்கவயல் என்பது கையில் கூலியாகக் காசு வாங்கும் முதல் அனுபவம். அது சுதந்திரம் என்று சொன்னால் மிகை. லைன் வீடும், பாறை வெடிப்பும், நுரையீரலைத் தின்னும் கல்தூசியும் சேர்ந்ததுதான் அந்த வாழ்க்கை. ஆனாலும் ஊரில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது: சங்கம் வைத்துக்கொள்ளும் துணிவு.

இங்கே கைரேகை வருகிறது. அதற்கு முன் ஒரு தந்தை மகன் கதையைச் சொல்லிவிட வேண்டும். ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில விஞ்ஞானி 1842இல் சயனோடைப் என்ற நீல நிற அச்சு முறையைக் கண்டுபிடித்தார். பின்னாளில் உலகமெங்கும் பொறியாளர்கள் 'புளூ பிரிண்ட்' என்று கூப்பிட்டது அதைத்தான். அவருடைய மகன் வில்லியம் ஹெர்ஷல் வங்காளத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தார். 1858இல் ஜங்கிப்பூரில், சாலைக்குச் சரளை தரும் ஒப்பந்தம் ஒன்றில், ராஜ்யதர் கோனாய் என்ற உள்ளூர்க்காரரின் உள்ளங்கையில் மையைப் பூசித் தாளில் பதித்தார். ஒப்பந்தத்தைப் பின்னால் மறுத்துவிடக் கூடாது என்ற அச்சத்தை ஏற்படுத்துவதுதான் நோக்கம். கைரேகையை அடையாளமாக்கும் உலக வரலாறு இந்த இடத்திலிருந்துதான் பேசப்படுகிறது. தந்தை தந்தது ஓவியர்களும் பொறியாளர்களும் பயன்படுத்திய நீல அச்சு, மகன் தந்தது கூலிகளுக்கும் கைதிகளுக்குமான கறுப்பு அச்சு. அச்சுக்கலையைப் பற்றிப் பேசும்போது முதல் வகையை மட்டும் கலை வரலாற்றில் சேர்த்துக்கொண்டு இரண்டாவதைக் காவல் துறை வரலாற்றுக்குத் தள்ளிவிடுகிறார்கள். நம் பார்வையில் இரண்டும் ஒரே வரலாறு. ஒரு மேட்டின் மேல் மை, மையின் மேல் தாள், தாளின் மேல் அழுத்தம். அழுத்துகிற கை யாருடையது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

1930இல் தங்கவயல் தொழிலாளர்கள் எல்லோரும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. ஒருவரின் ரேகை ஏட்டில் ஏறிவிட்டால், ஒரு சுரங்கத்தில் நீக்கப்பட்டவர் பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த சுரங்கத்தில் சேர முடியாது. ஏறக்குறைய எல்லாரும் ஒரே பகுதியிலிருந்து ஒரே சமூகத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் பெயர் மாற்றுவது எளிதாக இருந்தது. சலித்தால் ஊருக்குப் போவது, திரும்பி வந்து வேறு இடத்தில் சேர்வது என்ற அந்தச் சின்னச் சுதந்திரத்தைக் கைரேகை மூடிவிடும். அந்த ஏப்ரலில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மூன்று வாரம் நீடித்தது. ஜானகி நாயர் இந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மாணவர்கள் அவருடைய மைசூர்த் தொழிலாளர் வரலாற்று நூலைத் தேடிப் படிக்க வேண்டும். உலகத் தொழிலாளர் வரலாற்றில் கூலி உயர்வுக்கும் வேலை நேரத்துக்கும் நடந்த போராட்டங்கள் ஏராளம். தன் விரலின் பதிவு தன் அனுமதியில்லாமல் அச்சாகக் கூடாது என்பதை மையமாக வைத்து நடந்த போராட்டங்கள் மிகக் குறைவு. அதை நடத்தியவர்களில் பெரும்பாலோர் தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். தொட்டால் தீட்டு என்று விலக்கிய கையை, மை தடவி அழுத்துவதற்கு மட்டும் பிடித்துக்கொள்ள வந்தார்கள். அந்தக் கை மறுத்தது.

அதே தங்கவயலில் அதே காலத்தில் இன்னொரு மையும் ஓடிக்கொண்டிருந்தது. பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூனில் சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார், அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் வேர்விட்டன. இதழை வாங்கி, உரக்கப் படித்து, சந்தா திரட்டி அனுப்பியவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். 1914இல் பண்டிதர் மறைந்த பிறகு தடைப்பட்ட 'தமிழன்', 1926இலிருந்து ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியத்துவத்தில் தங்கவயலிலிருந்தே மீண்டும் வந்தது. பண்டிதரின் நூல்களைச் சாம்பியன் ரீபின் சித்தார்த்தா புத்தகசாலை வெளியிட்டது. அதற்கும் முன்னால், 1893இல், இரட்டைமலை சீனிவாசன் பத்து ரூபாய் செலவில் 'பறையன்' இதழைத் தொடங்கியிருந்தார். அச்சு என்பது நம்மிடம் யாரோ பிற்காலத்தில் கொண்டுவந்து கொடுத்த கொடை என்று நினைப்பவர்கள் இந்த ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளட்டும்.

ஆனால் அந்த அச்சில் எழுத்து இருந்த அளவுக்கு முகம் இல்லை. எழுத்து கோத்து அச்சடிப்பது ஒரு செலவு. படம் போட வேண்டுமென்றால் பிளாக் எடுக்க வேண்டும், துத்தநாகத் தகட்டில் புள்ளி புள்ளியாக அரித்து, மரக்கட்டையில் ஆணியடித்துத் தரும் அந்த பிளாக்குக்குத் தனிக் காசு. அந்தக் காசு சிற்றிதழ்க்காரர்களிடம் எப்போதும் இருந்ததில்லை. ஆகவே நம் எழுத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட ஆவணம் இருக்கிறது, முகத்துக்கு இல்லை. அந்த எழுத்தும் நூலகத்தால் தப்பியது என்று சொல்ல முடியாது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தம் வீடுகளில் 'தமிழன்' இதழ்களைக் கறையானுக்குக் கொடுக்காமல் காத்துவைத்தார்கள். அவை இல்லையென்றால் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த அயோத்திதாசர் சிந்தனைகள் இல்லை. அது இல்லையென்றால் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளின் தலித் வரலாற்று எழுத்து வேறு மாதிரி இருந்திருக்கும். வீட்டுப் பரணில் ஒரு கட்டுக் காகிதம் இருப்பதன் அரசியல் பொருள் இதுதான். படங்களுக்கு அப்படி ஒரு தொகுப்பு இன்னும் நடக்கவில்லை.

இனி ஸ்டூடியோ. இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்மிடம் எஞ்சியிருப்பதில் பெரும்பாலானவை ஸ்டூடியோ படங்கள்.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் நம் மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஜே. எச். ஹட்டன் தம் 'இந்தியாவில் சாதி' நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்க, வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் மேலுடம்பை ரவிக்கையாலோ தாவணியாலோ மூடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு கூடாது. தங்கவயல் வேலைநிறுத்தம் நடந்த அதே ஆண்டு! ஓசூர்ப் பக்கம் இதே பட்டியல் அப்படியே இருந்தது என்று நாம் வாதிடவில்லை. சாதி எதை எல்லாம் கண்ணால் பார்க்கச் சகிக்காது என்பதற்கு இது ஒரு வாக்குமூலம்.

இப்போது அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பழைய ஸ்டூடியோ படத்தைப் பாருங்கள். கோட்டு இருக்கிறது. செருப்போ ஷூவோ இருக்கிறது. கையில் குடை, அல்லது மடியில் ஒரு புத்தகம். மணிக்கட்டில் கடிகாரம், அது தெரிய வேண்டும் என்பதற்காகவே கையை மடக்கி மேசை மேல் வைத்திருப்பார். பெண் ரவிக்கை போட்டுச் சேலை கட்டியிருக்கிறார், பின்னால் கண்ணாடி வைத்துச் சடை முழுக்கத் தைத்த பூ தெரியும்படி எடுத்திருக்கிறார்கள். தடைப் பட்டியலின் வரிகள் ஒவ்வொன்றும் படத்தில் மீறப்பட்டிருக்கின்றன. கோட்டும் கடிகாரமும் ஸ்டூடியோக்காரருடையதாகவே இருக்கலாம், பின்னால் தெரியும் மாடிப்படி துணியில் வரைந்ததாகவே இருக்கலாம். நடுத்தர வர்க்க விமர்சகர்கள் இதைப் பார்த்து 'போலித் தோரணை' என்பார்கள். தெருவில் அணிய முடியாததை நான்கு சுவருக்குள் அணிந்து, அதற்கு ஒரு நிலையான சாட்சியையும் வாங்கிக்கொண்டு வருவதைப் போலி என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பிய பிரடெரிக் டக்ளஸ் தம் காலத்தில் அதிகமுறை படமெடுத்துக்கொண்ட மனிதர்களில் ஒருவர். ஒவ்வொரு படத்திலும் கோட்டு, நேர்ப் பார்வை, சிரிப்பில்லாத முகம். கறுப்பர்களைப் பற்றி வெள்ளையர்கள் வரைந்த கேலிச் சித்திரங்களுக்கு அவர் தந்த பதில் அது. அம்பேத்கரின் கோட்டைப் பற்றி நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம். அந்தக் கோட்டுக்கு முன்னோடியாக ஒவ்வொரு சிறு நகரத்து ஸ்டூடியோவிலும் ஒரு வாடகைக் கோட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சாவுப் படத்தையும் விட்டுவிட முடியாது. இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, சுற்றிக் குடும்பமே நின்று எடுத்துக்கொள்ளும் படம். வெளிநாட்டு ஆய்வாளர்கள் இதைப் பார்த்து அதிர்ச்சி அடைவதுண்டு. பல வீடுகளில் ஒரு மனிதருக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே படம் அதுதான் என்பது தெரிந்தால் அதிர்ச்சியின் திசை மாறும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலிருந்து சோயி ஹெட்லி குழுவினர் தமிழக ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்ணிமமாக்கியிருக்கிறார்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் கீழ். நல்ல வேலை. பழைய நெகட்டிவ்களை அதிலுள்ள வெள்ளிக்காக எடைக்குப் போட்ட கடைகள் எத்தனையோ. நம் கணக்கில், அந்த வெள்ளியோடு போனது நம் தாத்தா பாட்டிகளின் கோட்டும் பூவும்.

1970களில் ஓசூரில் சிப்காட் வந்தது. 1980இல் அசோக் லேலண்ட், அதே ஆண்டுவாக்கில் டி.வி.எஸ். மொபெட், எண்பதுகளின் பிற்பகுதியில் டைட்டன். ஒருகாலத்தில் ஸ்டூடியோக்காரரிடம் கடன் வாங்கிக் கட்டிக்கொண்ட கைக்கடிகாரம் இப்போது இந்த ஊரிலேயே லட்சக்கணக்கில் உருவானது. நிலம் யாருடையது, நிரந்தர வேலை யாருக்கு, ஒப்பந்தக் கூலி யாருக்கு என்ற கேள்விகள் வேறொரு உரைக்கானவை. நம் பொருளுக்கு வேண்டியது, ஆலை ஒரு புதிய வகைப் படத்தைக் கொண்டுவந்தது என்பது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. அதிலுள்ள முகம் ஸ்டூடியோ முகத்தைப் போலத் தேர்ந்தெடுத்த முகம் அல்ல. வெள்ளைச் சுவருக்கு முன் நிற்கவைத்து எடுப்பது, வேலையை விட்டால் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தர்ஸ்டனின் அறைக்கும் வாயிற்காப்போன் அறைக்கும் நடுவே ஒரு நேர்கோடு போகிறது. இன்று ஆலை வாசல்களில் கைரேகைக் கருவியும் இருக்கிறது. 1930இல் மறுத்த விரலை இப்போது நாம் நாளுக்கு இரண்டுமுறை நாமே போய் வைக்கிறோம்.

கலை என்று யாரும் சொல்லாத ஓர் அச்சு இந்த ஊரின் சுவர்களில் தினமும் புதிதாக ஒட்டப்படுகிறது: கண்ணீர் அஞ்சலி. குடும்பப் படத்திலிருந்து அச்சு செய்வது என்ற நம் தலைப்புக்கு இதைவிட நெருக்கமான மக்கள் வழக்கம் கிடையாது. சாவு நடந்த அரை மணி நேரத்தில் பீரோவைக் கிளறி ஒரு படம் எடுப்பார்கள். திருமணக் கூட்டப் படமாக இருக்கும், அல்லது ரேஷன் கார்டில் இருக்கும். டி.டி.பி. கடைக்காரர் அந்த முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, தோளில் ஒட்டியிருக்கும் பக்கத்து ஆளின் கையை அழித்து, வேண்டுமானால் ஒரு சட்டை மாட்டி, பின்னால் மேகம் போடுவார். ஓசூர்ப் பக்கம் ஒரே சுவரொட்டியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் வருவதுண்டு. ஆதிதிராவிடர், அருந்ததியர், மாதிகர், ஒலையர் என்று பட்டியலில் தனித்தனியாக இருந்தாலும் சுவரில் எல்லாருக்கும் ஒரே பசை. மழை வந்தால் முடிந்துபோகும் இந்தச் சுவரொட்டிகளை யாரும் சேகரிப்பதில்லை. சேகரித்தால் இருபது ஆண்டுகளின் முகப் பதிவேடு கிடைக்கும். கலைக் கல்லூரி மாணவர்கள் வெளிநாட்டு அச்சுக் கலைஞர்களின் பெயர்களைச் சொல்லும் அளவுக்கு இந்தக் கடைக்காரர்களின் திறமையைக் கவனிப்பதில்லை என்பது நமக்குக் குறையாகவே படுகிறது.

அச்சு நம் உடம்பின் மேல் என்னவாக இருக்கிறது என்பதற்கு இந்த ஊர் தந்த சாட்சி ஒன்று உண்டு. 2018 நவம்பரில் ஓசூரிலிருந்து கடத்தப்பட்ட ஓர் இளம் இணையரை, அவர்கள் சாதி மீறி மணந்துகொண்டதற்காகக் கொன்று, கர்நாடகத்தில் காவிரியில் வீசினார்கள். உடல்கள் யாருடையவை என்று அங்குள்ள காவல் துறைக்குத் தெரியவில்லை. அந்த இளைஞன் அணிந்திருந்த பனியனில் அம்பேத்கர் படமும் ஜெய்பீமும் ஊர்ப் பெயரும் அச்சாகியிருந்தன. அதை வைத்துத்தான் ஆள் யாரென்று தெரிந்தது. ஜெயந்தி ஊர்வலத்துக்காக இளைஞர்கள் காசு சேர்த்து அடிக்கும் மலிவான ஸ்கிரீன் பிரிண்ட் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். கொன்றவர்கள் அழிக்க நினைத்த பெயரை, தண்ணீரில் கிடந்தும் கரையாத அந்த மை காட்டிக்கொடுத்தது. அம்பேத்கர் படத்தைப் பற்றி உருவ வழிபாடு என்று எள்ளுகிறவர்களிடம் நாம் விவாதம் செய்ய விரும்பவில்லை.

இந்தப் பின்னணியோடுதான் இன்றைய கலைஞர்களைப் பார்க்க வேண்டும். நாகபுரியில் பிறந்து, பரோடாவில் அச்சுக்கலை பயின்ற சவி சாவர்க்கர், கழுத்தில் எச்சில் கலயமும் முதுகில் துடைப்பமும் கட்டிய மனிதர்களைச் செதுக்கச்சில் திரும்பத் திரும்பச் செய்தார். பேஷ்வா ஆட்சியில் தீண்டப்படாதவர்கள் மேல் சுமத்தப்பட்டதாக அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையில் குறிப்பிடும் அதே கலயம், அதே துடைப்பம். செதுக்கச்சில் அமிலம் உலோகத் தகட்டை அரித்துத்தான் கோடு உருவாகிறது. அந்தப் பொருளுக்கு அந்த முறை பொருந்துகிறது. புகைப்படம் எடுக்கப்படாத காலத்தின் குடும்பப் படங்களை அவர் எதிர்மறை வழியில் உண்டாக்கினார் என்று நாம் கொள்ளலாம்.

புனேயைச் சேர்ந்த ராஜ்யஸ்ரீ கூடி வேறு பக்கமாகப் போகிறார். தம் தாய்வழித் தலித் குடும்பத்தின் ஆல்பங்களிலிருந்து சாப்பிடும் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கினார். பிறந்தநாள் கேக், கல்யாணப் பந்தி, சுற்றுலாவில் பொட்டலம் பிரிப்பது. அதில் அழுகை இல்லை, ஒப்பாரி இல்லை. நம் வாழ்க்கை வரலாற்று நூல்களில் பசியும் எச்சில் சோறும் எழுதப்பட்ட அளவுக்கு, வயிறு நிறைந்த பிற்பகல் எழுதப்படவில்லை என்பதை அந்தப் படங்கள் சொல்லாமல் சொல்கின்றன. அதே கலைஞர் தலித் தன்வரலாறுகளில் வரும் உணவுக் குறிப்புகளைச் சமையல் செய்முறையாக மாற்றி எழுதியும் இருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் செய்வது விளங்கும்.

நம் மதுரை வாடிப்பட்டியிலிருந்து ஜெய்சிங் நாகேஸ்வரன். 2020 ஊரடங்கில் சொந்த ஊருக்குத் திரும்பித் தம் குடும்பத்தையே படமெடுக்கத் தொடங்கினார். அவருடைய பாட்டி பொன்னுத்தாய், பள்ளியில் சேர்க்கப்படாத நம் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கியவர். பழைய படங்களை வைத்துக்கொண்டு அழகு பார்ப்பதோடு நிற்காமல், அடுத்த தலைமுறைக்கு மரபாகப் போகும் படங்களை இப்போதே எடுத்துவைப்பது என்ற முடிவு அதில் இருக்கிறது. கேரளத்திலிருந்து பெர்லினுக்குப் போன சஜன் மணி, ரப்பர் பால் வெட்டிய குடும்பத்திலிருந்து வந்தவர். ரப்பர் தாள்களின் மேலேயே காலனிய ஆவணக் காப்பகத்து முகங்களைப் பதிக்கிறார். முன்னோர் உழைத்த பொருளே தாளாகிறது.

இவர்களையெல்லாம் புகழ்ந்துவிட்டு ஒரு கசப்பான கேள்வியையும் கேட்டாக வேண்டும். பாட்டியின் படம் வெள்ளைச் சுவர்க் கலைக்கூடத்துக்குப் போனதும், அதை வாங்குகிறவர் யார்? தர்ஸ்டனின் வாசகர்களின் பேரப்பிள்ளைகள் என்றால் சுற்று முழுமையடைந்துவிட்டது. உலகம் இந்தக் கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டுபோயிருக்கிறது. 1850இல் அமெரிக்காவில் ஹார்வர்டு பேராசிரியர் ஒருவர் தம் இனக் கொள்கையை நிறுவ, ரெண்டி என்ற அடிமைத் தந்தையையும் டெலியா என்ற மகளையும் ஆடையின்றி நிற்கவைத்துப் படமெடுக்கச் செய்தார். ரெண்டியின் வழிவந்தவராகத் தம்மைச் சொல்லும் தமாரா லேனியர் 2019இல் பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குத் தொடுத்தார். 2025இல் சமரசம் ஏற்பட்டு, அந்தப் படங்களைத் தென் கரோலினாவிலுள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. அங்கே குறைந்தபட்சம் ரெண்டி, டெலியா என்று பெயர்கள் எழுதப்பட்டிருந்தன, அதனால் ஒரு வாரிசு வர முடிந்தது. ஹூப்பரின் பஞ்சப் படத்துக்கு உரிமை கோரி எந்தப் பெயரைச் சொல்லி நாம் போவது?

ஆகவே மாணவர்களிடம் சில வேலைகளைப் பேச விரும்புகிறோம். அச்சுக்கலைக்குப் பெரிய இயந்திரம் வேண்டும் என்று பயப்பட வேண்டாம். 1943 வங்கப் பஞ்சத்தின்போது சித்தபிரசாத் ஊர் ஊராக நடந்து வரைந்தவற்றை வைத்து வெளியிட்ட சிறு நூலின் பிரதிகளைப் பிரிட்டிஷ் அரசு எரித்தது. குடும்பத்திடம் தப்பிய பிரதிதான் இன்று நமக்குக் கிடைக்கிறது (இங்கும் குடும்பம்தான் நூலகம்). அவர் பின்னாளில் நம்பிக்கை வைத்தது லினோகட் மேல். தரைவிரிப்பு லினோலியத்தைச் சின்ன உளியால் செதுக்கி, மையுருட்டி, கரண்டியின் முதுகால் தேய்த்தாலே அச்சு விழும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் நடுகற்கள் ஏராளம். கல்வெட்டாளர்கள் ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து, மையை ஒற்றிப் படி எடுப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். முறையைப் பொறுத்தவரை அதுவும் அச்சுக்கலைதான். செத்தவரின் உருவத்தைத் தாளுக்குக் கொண்டுவரும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

நீல அச்சு இன்னும் எளிது. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு என்ற இரண்டு உப்புகளின் கரைசலைச் சம அளவில் கலந்து மங்கலான வெளிச்சத்தில் தாளில் பூசி உலரவிட வேண்டும். பழைய படத்தை ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து, கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்கி, கண்ணாடித் தாளில் எடுத்து அதன் மேல் வைத்து வெயிலில் காட்ட வேண்டும். நம் ஊர் வெயிலுக்குப் பத்து, இருபது நிமிடம் போதும். பிறகு தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடம் நீலமாக நிற்கும். ஓசூர் ஆலைகள் வந்த காலத்தில் வரைபட அறைகளில் அம்மோனியா அச்சு இதன் இடத்தைப் பிடித்துவிட்டது, பெயர் மட்டும் புளூ பிரிண்ட் என்றே நின்றது. ஆலையின் வரைபடத்துக்கு இருந்த அதே நீலம், நம் கொடியின் நீலம், இரண்டும் ஒரு பாட்டியின் முகத்தில் சேர்ந்தால் என்ன வரும் என்று செய்துதான் பார்க்க வேண்டும்.

செய்வதற்கு முன் மூலப் படத்தை வீட்டிலிருந்து எடுத்துப்போகாதீர்கள். கைப்பேசியிலாவது அங்கேயே பிரதி எடுங்கள், மூலம் அந்தச் சுவரிலேயே இருக்கட்டும். படத்தில் இருக்கும் எல்லாரும் வெளியே தெரிய விரும்புவார்கள் என்று எண்ண வேண்டாம். நகரத்தில் சாதியைச் சொல்லாமல் வாடகை வீட்டில் இருக்கும் அத்தையின் மகளுக்கு, தாத்தாவின் பெயரோடு ஒரு கண்காட்சிச் சுவரொட்டி ஆபத்தாக முடியலாம். முதலில் அவரைக் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அச்சிடக் கூடாது. 1930இல் தங்கவயலில் கேட்ட உரிமையும் இதுதான்.

பிறகு, படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். ஸ்டூடியோவின் ரப்பர் முத்திரை இருக்கலாம், ஒரு தேதி இருக்கலாம். எல்லைப்புறக் குடும்பம் என்றால் ஒரே குடும்பத்துப் படங்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று எழுத்தும் இருக்கலாம். ஆண்களின் பெயர் எழுதியிருக்கும் இடங்களில் பெண்களுக்கு 'மனைவி', 'தங்கை', 'குழந்தை' என்று மட்டும் இருக்கக்கூடும். அந்தப் பெயர்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள், எழுபது எண்பது வயதில். தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்ட பிறகு லைன் வீடுகளிலிருந்து பிள்ளைகள் விடிகாலை ரயிலில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். பகலில் வீட்டில் இருப்பது அந்த முதியவர்கள்தான். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பகலில் போக வேண்டும்.